பதில் ஆள்

வினோலியா செத்துப்போனவளாக இருந்தது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனி மாதத்துத் திங்கட்கிழமை, பகல் பதினொன்றே முக்காலிலிருந்து மூன்று மணி வரை. அதற்குள் தாயில்பட்டியில் அவள் வீட்டு முன்னால் நாற்காலி போட்டுவிட்டார்கள். சபையிலிருந்து இரண்டு பேர் வந்து, அடக்க ஆராதனை இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிற மகளுக்கு யார் போன் போடுவது என்று நாலு பேர் ஒதுங்கி நின்று பேசினார்கள். அந்த நேரத்தில் சாத்தூர் பஸ்ஸிலிருந்து வினோலியா இறங்கி, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். அவள் போன் சார்ஜ் தீர்ந்து பையில் கிடந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தெருவில் பேச்சு நின்றது. யாரும் அழவில்லை, யாரும் கிட்டே வரவும் இல்லை. நாற்காலிகளை வேனிலிருந்து இறக்கிப் போட்டவன் பக்கத்து வீட்டுப் பால்பாண்டி. ஞாயிற்றுக்கிழமையே லோடு ஏற்றிக்கொண்டு போய், அன்று மதியம்தான் ஊர் திரும்பியிருந்தான். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"யக்கா, செட்டு தீப்பிடிச்சதுல நீங்க போயிட்டீகன்னு செல்லச்சாமி அண்ணாச்சி ரிஜிஸ்டரைப் பாத்துப் பேர் சொன்னாரே. ஆஸ்பத்திரில ஒங்க பேர் எளுதி வச்சிருக்காகளே."

வினோலியா அவனைப் பார்த்தாள். அவனுடைய மூன்று வயதுப் பிள்ளை யாரோ ஒருத்தி இடுப்பில் இருந்தது.

"பால்பாண்டி," என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

அவன் கையில் மடக்கியபடி ஒரு நாற்காலி இருந்தது. அதை விரித்து, அதிலேயே உட்கார்ந்தான்.

பட்டாசுக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. சீசனில் ஒருத்தி ஒருநாள் வராமல் இருந்துவிட்டால், மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். இடம் போனது போனதுதான். அதனால் காய்ச்சலோ கல்யாணமோ கருமாதியோ எதுவானாலும், தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பி வைப்பார்கள். அவள்தான் பதில் ஆள். ஆறரைக்குக் கம்பெனி வேனில் ஏறுவாள், வராதவளின் இடத்தில் உட்காருவாள், அவள் செய்கிற வேலையைச் செய்வாள். போர்மேன் பதிவேட்டில் வராதவளின் பெயருக்கு நேரே டிக் அடிப்பார். பதில் ஆளின் பெயர் எந்தத் தாளிலும் ஏறாது. இது போர்மேனுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், வேன் டிரைவருக்கும் தெரியும்.

இந்த வழக்கத்தை எதிர்த்துத்தான் அன்றைக்கு வினோலியா விருதுநகர் போயிருந்தாள்.

சங்கம் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. சர்ச்சுக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கிற அறையில், ஏழு பெண்களோடு ஆரம்பித்தது. கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று, கேட்டவர்களிடம் ஜெபக்கூட்டம் என்று சொன்னார்கள். மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி எடுக்கிற பெண்களும் அந்த ஜெபக்கூட்டத்துக்கு வந்தார்கள். "எங்க மாமியா நான் வேதத்துல சேந்துட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது," என்று பால்பாண்டியின் பெண்சாதி மாரிச்செல்வி ஒவ்வொரு வாரமும் வந்து சிரிப்பாள். ஏழு பேர் முப்பத்தெட்டு ஆனார்கள். முதலில் பதினோரு கோரிக்கை எழுதினார்கள். கழிப்பறை, குடிதண்ணீர், செட் என்கிற வேலையறை ஒன்றில் நாலு பேர் மட்டும், எல்லாம் அதில் இருந்தது. பேசிப் பேசி, எல்லாரும் ஒத்துக்கொண்டது கடைசியில் ஒன்றே ஒன்று. வேலைக்கு வந்தவள் பெயரை வந்தவள் பெயராகவே எழுத வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

மனுவை வினோலியாதான் எழுதினாள். பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கும். ஆனால் அடியில் போட்டது சொர்ணலட்சுமியின் பெயரை. சங்கத்துக்குத் தலைவி அவள்தான். வெடிமருந்துத் தூசியில் இருபத்தாறு வருஷம் வேலை செய்து, மூச்சிரைப்பு வந்து வீட்டோடு இருப்பவள். எந்தக் கம்பெனியிலும் இல்லாததால் அவளை யாரும் வேலையை விட்டு நிறுத்த முடியாது. அந்தக் கணக்கில்தான் அவள் பெயர் போட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அவளே போய்க் கலெக்டர் ஆபீஸில் கொடுப்பதாக ஏற்பாடு. ஞாயிறு சாயங்காலம் அவளுக்கு இரைப்பு கூடிவிட்டது. பஸ்ஸில் உட்கார முடியாது என்று ஆகிவிட்டது.

"நீ போயிட்டு வா வினோலியா," என்றாள். "எம் பேருலயே குடு. பேரு யாருதா இருந்தா என்ன, மனு சேந்தாச் சரி."

அப்படியானால் கம்பெனிக்கு யார் போவது என்ற பேச்சு வந்தது. மாரிச்செல்வி முன்னால் வந்தாள். வீட்டில் இருந்தபடி காகிதக் குழாய் சுற்றுகிறவள் அவள்.

"நான் போறேன்க்கா. ஒரு நாளுதான."

"நீ செட்டுல உக்காந்தது இல்லியேட்டி."

"நீங்க என்ன அம்மா வயித்துக்குள்ளயே திரி செருகிப் பளகிட்டா வந்தீக?"

அறையே சிரித்தது. வினோலியாவும் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இது தப்பு என்று அங்கே இருந்த ஒருத்திக்கும் தோன்றவில்லை. மனு எழுதிய வினோலியாவுக்கும் தோன்றவில்லை. பதில் ஆள் அனுப்புவது அவர்களுக்குத் துணி மாற்றுவது போலப் பழகிப்போயிருந்தது.

செட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் 'ஆட்கள் 4' என்று எழுதியிருக்கும். அந்தத் திங்கட்கிழமை உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். பக்கத்து அறையில் மருந்து கலக்கும்போது உரசல் ஏற்பட்டு, தீ இந்தப் பக்கம் வந்தது. வாசலை ஒட்டி இருந்த மூன்று பேர் வெளியே விழுந்து தப்பித்தார்கள். உள்பக்கம் இருந்த மூன்று பேர் தப்பவில்லை. அவர்களில் இரண்டு பேருடைய பெயர் பதிவேட்டில் இருந்தது. மூன்றாவது ஆளுக்கு வினோலியா என்ற பெயர் இருந்தது.

மாரிச்செல்வியைப் புதைத்த மூன்றாம் நாள், போர்மேன் செல்லச்சாமி வந்தார். ஒரு பக்கத்துப் புருவம் பொசுங்கிப் போயிருந்தது. வலது கையில் முழங்கை வரை கட்டு. வாசலில் விழுந்தவர்களில் இரண்டு பேரை இழுத்துப் போட்டவர் அவர்தான். வினோலியா நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"சாப்பிட்டீகளா அண்ணாச்சி?"

"ஆச்சு. ஏத்தா, வார புதன்கிளமை விசாரணை. அதிகாரி ஒன்னையும் கூப்பிடுவாரு. நீ அன்னைக்கு வேலைக்கு வந்திருக்கே."

"நான் எங்க இருந்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? ரிஜிஸ்டருக்குத் தெரியலியே. டிக் கெடக்கு. அதை அழிச்சா அது தனிக் கேஸு." அவர் கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். "நீ தண்ணி குடிக்க வெளிய போனே. மாரிச்செல்வி ஒனக்குச் சோறு கொண்டாந்தா. நீ வெளிய, அவ உள்ள. அம்புட்டுத்தான்."

"பதினொண்ணே முக்காலுக்கு யாரு அண்ணாச்சி சோறு கொண்டாருவா?"

"சரி, காப்பின்னு வச்சுக்க."

அவருக்கே சொன்னது கூச்சமாகப் போய்விட்டது போல, தெருவைப் பார்த்தார்.

"பதில் ஆளுன்னு எளுத்துல வந்துட்டா லைசென்சு போயிரும் தாயி. நூத்திருவது பேரு வேலை பாக்காக. தீவாளிக்கு நாலு மாசங்கூட இல்ல. மொதலாளி வேற கம்பெனி வச்சுப் பொளச்சுக்கிடுவாரு. நீயும் நானும் எங்கன போவோம்?"

"அவ சும்மா வந்தவன்னு எளுதினா, வேலையில செத்தவளுக்குச் சேர வேண்டியது அந்தப் பிள்ளைக்குச் சேராதே."

"கம்பெனி பாத்துக்கிடும்னு பால்பாண்டிகிட்டப் பேசியாச்சு."

"பாத்துக்கிடலேன்னா யாருகிட்டப் போய்க் கேக்க? எந்தத் தாளைக் காமிச்சு?"

செல்லச்சாமி எழுந்துகொண்டார். "நீ யோசிக்கிற ஆளு. யோசி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. வினோலியா முன்னதாகப் போய் அறையைப் பெருக்கிப் பாய் விரித்தாள். மூடிக் கிடக்கிற கம்பெனி, செத்த வீடு, பயம், இதையெல்லாம் தாண்டிப் பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்திருந்தாள். முப்பத்தொரு பேர் வந்தார்கள். இத்தனை பேர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. பாய் போதாமல் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவள் பேசினாள். மாரிச்செல்வி நம்மில் ஒருத்தி, நாம் கேட்ட ஒரே கோரிக்கை இப்போது அவள் கோரிக்கை, வாசலில் தப்பித்த மூன்று பேரும் நானும் சேர்ந்து உள்ளதைச் சொன்னால் போதும் என்றாள். சொர்ணலட்சுமி அக்கா, மனு கொடுக்கப் போனது வினோலியாதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். பேசி முடித்ததும் தப்பித்தவர்களில் ஒருத்தி, கன்னத்தில் களிம்பு காயாமல் இருந்தவள், எழுந்து நின்றாள்.

"யக்கா, நான் படிக்காதவ. ஒண்ணு கேக்கேன். சங்கம்னா என்னன்னு நீங்க எங்களுக்குச் சொல்லித் தந்தீக?"

"சொல்லு."

"எல்லாரும் சேந்து ஒரு முடிவெடுத்தா, அதுக்கு எல்லாரும் கட்டுப்படணும். அதான?"

"அதான்."

"நாங்க முடிவெடுத்துட்டோம்க்கா. கம்பெனி தொறக்கணும்."

இன்னொருத்தி பின்னாலிருந்து சொன்னாள்: "செத்தவ வரப்போறதில்ல. நீங்க சொன்ன மாதிரி கையைத் தூக்கி எண்ணிருவோம்."

கையைத் தூக்கி எண்ணுவதை அவள்தான் பழக்கியிருந்தாள். மூன்று வருஷத்தில் எந்த விஷயத்திலும் எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்ததில்லை. டீ போடுவதா காப்பி போடுவதா என்பதற்கே இரண்டு கட்சி இருந்தது. அன்றைக்கு முப்பது கை உயர்ந்தது. சங்கத்தில் இருப்பதிலேயே இளையவளான ஜெஸ்லின் நோட்டில் எழுதுகிறவள். எழுதுகிற கையை நிறுத்தி, பேனாவோடு அதையும் தூக்கினாள். சொர்ணலட்சுமி சுவரில் சாய்ந்தபடி, மூச்சு வாங்க, கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள். அவள் மகள் பிரீத்திகா அதே கம்பெனி ஆபீஸில் பில் போடுகிற வேலை கிடைத்து, போன மாதம்தான் சேர்ந்திருந்தாள்.

"ஒருமனதா," என்று ஜெஸ்லின் மெதுவாகக் கேட்டாள், எப்படி எழுதுவது என்று.

"இல்ல," என்றாள் வினோலியா. "முப்பதுக்கு ஒண்ணுன்னு எளுது."

மறுநாள் காலையில் பால்பாண்டி வந்தான். உட்காரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டிருந்தான்.

"யக்கா, நான் கையெளுத்துப் போட்டுட்டேன். அவ ஒங்களுக்குக் காப்பி கொண்டு போனான்னு."

"அவ காப்பிக்கா போனா, பால்பாண்டி?"

"வேலைக்குத்தான் போனா. எனக்குத் தெரியாதா?" அவன் குரல் உயரவில்லை. "வேலைக்குன்னு சொன்னா கேஸு. பத்து வருசம் கோர்ட்டுக்கு நடக்கணுமாம். இப்படிச் சொன்னா எனக்குக் கம்பெனி லாரில நிரந்தர வேல, இவளுக்குப் படிப்பு. எனக்கு நடக்கத் தெம்பு இல்லக்கா. நீங்க வேற ஒண்ணைச் சொன்னீகன்னா இதுவும் போயிரும்."

"நாளைக்கு இந்தப் பிள்ள எங்க அம்மா எப்படிச் செத்தான்னு கேட்டா?"

"நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குப் பதிலாத்தான போனா."

அவன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வேறு யாருக்கும் தெரியாதே என்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான். அவன் போன பிறகு வினோலியா சமையற்கட்டில் போய் உட்கார்ந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. சபையார் கொண்டுவந்து வைத்த பொங்கல் மத்தியானம் வரை மூடியபடியே இருந்தது.

புதன்கிழமை விசாரணை. அறைக்கு வெளியே பெஞ்சுகளில் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். வினோலியா வந்ததும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். யாருக்கும் அவள்மேல் கோபம் இல்லை. முடிவு எடுத்தாயிற்று, அவளும் கட்டுப்படுவாள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவளுக்குக் கோபத்தைவிடக் கனமாக இருந்தது.

அதிகாரி நல்ல மனிதராகவே தெரிந்தார். உட்காரச் சொன்னார். அன்றைக்கு அதுவரை பதினெட்டுப் பேரிடம் கேட்டிருந்தார். பதினெட்டுப் பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தார்கள்.

"நீங்க தண்ணி குடிக்க வெளிய போனீங்க. அந்த நேரத்துல…"

"இல்லைங்கய்யா. நான் அன்னைக்கு வேலைக்கே போகலை. எனக்குப் பதிலா மாரிச்செல்வி போனா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பதிவேட்டைத் திருப்பி அவளிடம் காட்டினார். டிக் இருந்தது. நீங்கள் எங்கே இருந்தீர்கள், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். அவள் பையிலிருந்து மனுவின் ரசீதை எடுத்து வைத்தாள். அவர் அதைக் கவனமாகப் படித்தார்.

"இதுல சொர்ணலட்சுமின்னு இருக்கு."

"அவங்க பேருல நான்தான் குடுத்தேன்."

"அவங்க பேருல நீங்க. உங்க பேருல வேற ஒருத்தங்க." அவர் கேலி செய்யவில்லை. களைப்பாகச் சொன்னார். "நான் எதை எழுதட்டும்மா?"

சொர்ணலட்சுமியை உள்ளே கூப்பிட்டார்கள். கதவிலிருந்து மேசை வரைக்கும் நடப்பதற்குள் இரண்டு தடவை நின்றாள். அவள் நெஞ்சில் விசில் ஊதுவது அறை முழுக்கக் கேட்டது. விருதுநகருக்குப் போனது யார் என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான்யா போனேன்."

"இந்த உடம்போடயா?"

"அன்னைக்குக் கொஞ்சம் தேவலாம்யா."

வினோலியா அவளைப் பார்த்தாள். சொர்ணலட்சுமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த விளிம்பையே பார்த்தாள். போகச் சொன்னதும் போனாள்.

அதிகாரி பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு வினோலியாவிடம் கடைசியாக ஒன்று கேட்டார். "நீங்க சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். பயிற்சி இல்லாத ஒரு பெண்ணை, வெடிமருந்து இருக்கிற இடத்துக்கு அனுப்பினது யாரு?"

அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. பக்கத்து அறையில் மருந்து கலக்கியதை, நாலு பேர் செட்டில் ஆறு பேர் இருந்ததை, எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள். அதெல்லாம் தொழில்நுட்பக் குழு பார்க்கும் என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்.

"நான்தான்யா அனுப்பினேன்."

அவர் பேனாவை எடுத்தார். அவள் சொன்னதில் அதை மட்டும் முழு வாக்கியமாக எழுதினார்.

அவள் வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. சேதி அவளுக்கு முன்னால் வெளியே போயிருந்தது. எல்லாரும் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டார்கள். அவள் பஸ்ஸில் வந்தாள். அதற்குப் பிறகு தெருவில் எதிர்ப்பட்டவர்கள் பேசத்தான் செய்தார்கள். வெயிலைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி. ஞாயிறு பள்ளி அறை பூட்டியே கிடந்தது.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. இறந்தவர்கள் மூவர். இருவர் தொழிலாளர்கள். மாரிச்செல்வி, வினோலியா என்பவரின் தூண்டுதலால் அனுமதியின்றி உள்ளே வந்தவர். வினோலியாவின் மேல் வழக்கு. அவள் சொன்னதும் கம்பெனி சொன்னதும் ஒரே வரிக்குள் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தன. பால்பாண்டிக்கு லாரி வேலை கிடைத்தது. அது நிரந்தரமா என்று அவனுக்கு ஒரு தாளும் கொடுக்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து மகள், வக்கீல் யாரையாவது பார்த்தாயா என்று தினமும் போன் செய்தாள். பார்க்கிறேன் என்று வினோலியாவும் தினமும் சொன்னாள்.

கம்பெனி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெஸ்லின் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாட்டி."

"இல்லக்கா, போகணும்." கொஞ்சம் நின்றாள். "நாளைக்குக் கம்பெனி தொறக்காக."

"தெரியும்."

"ரிஜிஸ்டர்ல ஒங்க பேரை இன்னும் எடுக்கல. கேஸு முடியிற வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு கம்பெனி வக்கீல் சொல்லிட்டாராம். டிக் விளணுமாம். அந்த எடத்துக்கு ஆளு வேணும்னு செல்லச்சாமி அண்ணாச்சி சொன்னாக." அவள் கால் விரலால் தரையைத் தேய்த்தாள். "நான் உக்காரட்டுமாக்கா? ஒங்களைக் கேக்காம உக்காந்தா நல்லாருக்காது."

"ஒம் பேரை எளுதச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"என்ன சொன்னாக?"

"சிரிச்சாக."

வினோலியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் இவள் அழுதுகொண்டே போவாள், ஆறரை வேனில் வேறொருத்தி ஏறுவாள். கேட்காமலே ஏறுவாள்.

"பருத்திச் சேலை இருக்கா?"

"எங்கம்மாவோடது இருக்கு."

"அதைக் கட்டு. வேற எதையும் கட்டிராத. கொலுசைக் களத்தி வச்சிட்டுப் போ. பெட்டிய இளுக்காத, தூக்கி வை. பக்கத்து ரூம்ல சத்தமாப் பேச்சு கேட்டா என்னன்னு எட்டிப் பாக்காத, வெளிய ஓடிரு. யார் ஏசினாலும் சரி."

ஜெஸ்லின் தலையாட்டிக்கொண்டே இருந்தாள், நோட்டில் எழுதிக்கொள்கிறவள் மாதிரி.

"வாசலை ஒட்டி உக்காரு."

"அங்கன எடமில்லக்கா. வாசப்பக்கம் வேணும்னு எல்லாரும் அண்ணாச்சிகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிட்டாக. எனக்கு உள்பக்கச் சுவத்தோரந்தான்."